மூன்றாம் மாடிப் பூட்டு

ரத்தினமாலை ஜவுளி மாளிகையின் மூன்றாம் மாடியில், பெண் ஊழியர்களின் கழிப்பறைக் கதவில் தொங்கிய பித்தளைப் பூட்டு ஒரு புதன்கிழமை காலையில் காணாமல் போனது. அதே நாள் மதியம் பட்டுச்சேலைப் பிரிவில் நின்றுகொண்டிருந்த பிரம்மசக்தியின் அடிவயிற்றில் ஏதோ ஒன்று கனமாக இறங்கி உட்கார்ந்தது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று அந்தக் கடையில் வேலை பார்த்த நாற்பத்தாறு பெண்களில் ஒருத்திக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை.

அந்தக் கதவு காலை பதினோரு மணிக்குப் பத்து நிமிடமும் மாலை ஐந்து மணிக்குப் பத்து நிமிடமும் திறக்கும். உள்ளே இரண்டே அறைகள். மீதி நேரமெல்லாம் பூட்டுத்தான். திறந்தே போட்டால் பெண்கள் உள்ளே போய் உட்கார்ந்து போன் பேசுவார்கள் என்பது முதலாளியின் கணிப்பு. சாவி புனிதவதி மேடத்தின் கழுத்தில், அடையாள அட்டை தொங்கும் அதே சிவப்பு நாடாவில் தொங்கியது. புனிதவதி அந்த மாடியின் மேற்பார்வையாளர். யார் உட்கார்ந்தாலும், யார் சாய்ந்தாலும், யார் கால் மாற்றி நின்றாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். பெண்கள் காலையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள், மதியச் சோற்றுக்கு ஒரு மிடறோடு எழுந்தார்கள், முட்டிக்கொண்டு வரும்போது செருப்புக்குள் கால்விரல்களைச் சுருட்டிக்கொண்டு, தொடைகளை இறுக்கிக்கொண்டு, வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே சேலையை விரித்துச் சிரித்தார்கள். உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்து கடையின் விடுதியில் தங்கியிருந்த பிரம்மசக்தி பதினோரு வருஷம் இப்படிச் சிரித்தாள்.

அன்று மாலை ஐந்து மணிக்கு அவள் முறை வந்து உட்கார்ந்தபோது சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது, சொட்டில் ரத்தம் இருந்தது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த டாக்டர் நீர்க்கடுப்பு என்று மாத்திரை கொடுத்தார். மூன்று நாளில் காய்ச்சலும் சேர்ந்துகொண்டதும் ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார். ஸ்கேன் எடுக்கும் இடத்தில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்து, குடித்துவிட்டு முட்டும்வரை அடக்கிக்கொண்டு உட்காரும்படி சொன்னார்கள். வரிசையில் இருந்த மற்றவர்கள் நெளிந்துகொண்டும் எழுந்து நடந்துகொண்டும் இருக்க, பிரம்மசக்தி மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நன்றாகத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். ஸ்கேன் பார்த்தவர் கல் என்றார், பிறகு கல் இல்லை என்றார், பிறகு எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார்.

எக்ஸ்ரேயில் பூட்டு தெளிவாக விழுந்திருந்தது. இடுப்பெலும்புக் கிண்ணத்தின் நடுவே, கதவில் தொங்குவது போலவே நேராக, வளையம் மேலே, சாவித்துவாரம் கீழே, பூட்டியபடி தொங்கியது. டாக்டர் படத்தைத் திருப்பிப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார். பிறகு அறைக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, இதை நீயே வைத்துக்கொண்டாயா, வேறு யாராவது வைத்துவிட்டார்களா, எதற்காக, எத்தனை நாளாக இந்தப் பழக்கம் என்று கேட்கத் தொடங்கினார். சிலர் இப்படிச் செய்வார்கள் என்றும், பென்சில், வயர், ஊசி எல்லாம் எடுத்ததாகப் படித்திருக்கிறேன் என்றும், ஆனால் ஒருத்தியும் முதலில் ஒத்துக்கொள்ள மாட்டாள் என்றும் சொன்னார்.

"அது எங்க கடைப் பூட்டு டாக்டர்," என்றாள் பிரம்மசக்தி. "மூணாம் மாடிப் பூட்டு."

"அப்போ திருடி ஒளிச்சு வச்சிருக்க."

நோயாளி தானே உட்செலுத்திக்கொண்டது என்று சீட்டில் எழுதி, எழுதியதை நர்ஸுக்கு வாசித்துக் காட்டினார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒன்பது பேருக்கும் கேட்டது. சாயங்காலத்துக்குள் விடுதிக்குத் தெரிந்தது, மறுநாள் உடன்குடிக்குத் தெரிந்தது. அவளுடைய அண்ணன் பஸ் ஏறி வந்து எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி உறைக்குள் போட்டு, அவள் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனான்.

கடையில் திருட்டு என்றே முடிவு கட்டினார்கள். காமிராவை ஓட்டிப் பார்த்தார்கள். பத்து ஐம்பதுக்குப் பூட்டு கதவில் இருந்தது, பத்து ஐம்பத்தொன்றுக்கு இல்லை, நடுவே கதவுப் பக்கம் ஒரு பூச்சிகூட வரவில்லை. இருந்தாலும் பிரம்மசக்திக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்துவிட்டு, கதவுக்குப் புதுப்பூட்டு வாங்கி மாட்டினார்கள். அது ஒரு நாள் தொங்கியது. மறுநாள் அது செல்லக்கனிக்குள் இருந்தது. செல்லக்கனி பிரம்மசக்தியின் அறையில் அடுத்த பாயில் படுப்பவள், இருபத்திரண்டு வயது, சுடிதார் பிரிவு. மூன்றாவது பூட்டு உள்ளாடைப் பிரிவுக்காரிக்குப் போனது. அதைவிடப் பெரிய நான்காவது, துணி மடிக்கும் ஒரு விதவைக்குப் போனது. இரண்டு வாரத்தில் ஏழு பூட்டு, ஏழு பெண்கள். புனிதவதியின் கழுத்து நாடாவில் பூட்டில்லாத ஏழு சாவிகள் சேர்ந்து, அவள் நடக்கும்போது குலுங்கின.

ஊர் இதை ஏற்றுக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. எந்த ஊரும் தன்னிடம் வந்து சேர்ந்த அதிசயத்தைப் பார்த்து முதலில் வாயைப் பிளக்கும், பிறகு அதற்கு ஒரு பெயர் வைக்கும், பெயர் வைத்த பிறகு அதைத் திட்டத் தொடங்கும். இந்த ஊர் வாயைப் பிளக்கும் வேலையை விட்டுவிட்டு நேராகப் பெயருக்கு வந்தது. டீக்கடையில் அவர்களைப் பூட்டுக்காரிகள் என்றார்கள். விடுதித் தெருவில் பைக்கில் போகிறவர்கள் சாவியைச் சுழற்றிக் காட்டிவிட்டுப் போனார்கள். செல்லக்கனிக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டார், எங்கள் பையனிடம் சாவி இல்லை என்று ஆள் அனுப்பிச் சொன்னார்கள். கடை வாசலில் உலோகத்தைக் கண்டால் கத்தும் வளைவு ஒன்று வைத்தார்கள். ஏழு பேரும் உள்ளே நுழையும்போது அது கத்தியது, வெளியே போகும்போதும் கத்தியது, காவலாளி ஒவ்வொரு முறையும் அவர்களுடைய பைகளைக் கொட்டிப் பார்த்தான். ஒரு பத்திரிகை எக்ஸ்ரேயை முதல் பக்கத்தில் போட்டது. அதைப் பார்த்துவிட்டுச் சேலை வாங்க வந்த பெண்கள், முந்தானையை விரித்துக் காட்டச் சொல்லிக்கொண்டே, உங்களில் அந்தப் பொண்ணு யாரு என்று விசாரித்தார்கள், வியாபாரம் கூடியது. தெருவிலிருந்த மற்ற ஜவுளிக்கடைகளில் கழிப்பறைப் பூட்டைச் சத்தமில்லாமல் கழற்றி எறிந்துவிட்டு, உள்பக்கத் தாழ்ப்பாளோடு நிறுத்திக்கொண்டார்கள். ரத்தினமாலையில் மட்டும் முதலாளி விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு பூட்டுக்குப் பயந்து கடையை நடத்த முடியாது என்று மேலாளரிடம் சொன்னாராம்.

பெரியாஸ்பத்திரியில் சிறுநீர்ப் பாதை வியாதிகளைப் பார்ப்பவர் டாக்டர் ஹமீதா பானு. நோயாளிகள் அழுதால் அவருக்குப் பிடிக்காது, அழுது முடித்துவிட்டு வாருங்கள் என்று வெளியே அனுப்பிவிடுவார். பிரம்மசக்தி அழவில்லை. சீட்டில் முந்தைய டாக்டர் எழுதியிருந்த வரியை ஹமீதா படித்து, பேனாவால் அழுத்தி அடித்தார், தாள் கிழிந்தது.

"எத்தனை மணி நேரம் அடக்குவ?" என்று கேட்டார்.

ஒரு மாதமாக எல்லோரும் அவளிடம் எதை எதையோ கேட்டிருந்தார்கள், இதை ஒருவரும் கேட்டதில்லை. ஆறு மணி நேரம் என்றாள், கூட்ட நாளில் எட்டு, தீபாவளிக்கு முந்தின வாரம் கதவு திறக்காமலே போனதும் உண்டு என்றாள். ஹமீதா ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து, சிறுநீர் வரும் வழியாக மெல்லிய குழாய்க் காமிராவை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். பூட்டின் மேல் உப்புப் படிந்து சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாக இருந்தது. அது சிறுநீர்ப் பைக்குள் சும்மா கிடக்கவில்லை. வளையம் பையின் சதையை ஒரு மடிப்புப் பிடித்து, அதற்குள் நுழைந்து பூட்டியிருந்தது. வயிற்றைக் கீறித் திறந்தாலும் சதையோடுதான் பிய்த்தெடுக்க வேண்டும், பிய்த்தால் ரத்தம் நிற்காது. கல்லை உடைக்கிற கருவி உலோகத்திடம் செல்லாது, உலோகத்தை அறுக்கிற கருவி சதைக்கு ஆகாது. அப்படியே விட்டால் நீர் தேங்கி மேலேறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஹமீதா கையுறையைக் கழற்றிக்கொண்டே, சாவி இருந்தால் இது பத்து நிமிட வேலை என்றார்.

அவரே கைப்பட எழுதி ஏழு சாவிகளையும் கேட்டுக் கடைக்கு ஆள் அனுப்பினார். சாவியைக் கொடுத்தால் பூட்டு நம்முடையது என்று ஆகிவிடும், ஆகவே கொடுக்கக் கூடாது என்று கடையின் வக்கீல் சொன்னார். ஏழு பேருக்கும் டியூப் போட்டு, இடுப்பில் பிளாஸ்டிக் மூத்திரப் பையைத் தொங்கவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். காவல் நிலையத்தில் அவர்களுடைய புகாரை வாங்கவில்லை. அவர்கள் மேல் கடை கொடுத்த புகார் முன்னாலேயே வந்து மேசையில் இருந்தது.

ஆடித் தள்ளுபடி தொடங்கிய நாள் செல்லக்கனியின் முகம் வீங்கியிருந்தது. கால் வீங்கியிருந்தது. அவளுடைய பையில் விழுந்த நீர் தேநீர் நிறத்தில் இருந்தது, அதுவும் நாலு விரற்கடைதான் இருந்தது. பிரம்மசக்தி அவளை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, மற்ற ஐந்து பேரையும் சீருடைச் சேலை கட்டச் சொல்லி, மூத்திரப் பையைக் கொசுவத்துக்கு வெளியே தெரியும்படி குத்திக்கொண்டு வரச் சொன்னாள். வாசல் வளைவு ஆறு முறை கத்தியது. மூன்றாம் மாடியில் ஆளுக்கொரு இடத்தில் நின்று, வாங்க, என்ன விலையில பாக்கணும் என்று கேட்டார்கள். கூட்டம் அப்படியே நின்றது. மஞ்சளாய்த் தளும்பும் பைகளைப் பார்த்து ஒரு குழந்தை ஜூஸ் என்றது. பெண்கள் தேர்ந்தெடுத்த சேலைகளை அப்படியே போட்டுவிட்டுப் படியிறங்கினார்கள்.

புனிதவதி வந்தாள். வேலை நேரத்தில் அசிங்கம் பண்ணுவதற்காக அத்தனை பேரையும் இப்போதே எழுதி அனுப்பிவிடுவேன் என்றாள்.

"சாவியத் தாங்க மேடம். செல்லக்கனி செத்துப்போவா."

"அதுக்கு நான் என்ன செய்ய? நானா வச்சேன்?"

பிரம்மசக்தி அவள் கழுத்து நாடாவைப் பிடித்து இழுத்தாள். நாடா அறுவதற்கு முன் கழுத்துத் தோல் அறுந்தது. புனிதவதியின் பிடரியைச் சுற்றி மெல்லிய சிவப்புக் கோடு விழுந்து, அதிலிருந்து ரத்தம் முத்து முத்தாய் ரவிக்கையில் இறங்கியது. பிரம்மசக்தி சாவிக்கொத்தை வாய்க்குள் போட்டுக் கடித்துக்கொண்டு, மூத்திரப் பையை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, மூன்று மாடியும் இறங்கி ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் சாவிகளைக் கருவிகளோடு சேர்த்து அவித்து எடுத்தார்கள். முதலில் செல்லக்கனிக்கு அடிவயிற்றில் கீறி, ஹமீதா சிறுநீர்ப் பைக்குள் விரலை விட்டுத் துவாரத்தைத் தடவி ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்தார். ஐந்தாவது சாவி திரும்பியது. பூட்டு திறந்த சத்தம் தியேட்டருக்கு வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டதாகச் சொல்வார்கள். நான்கு நாட்களில் ஏழும் வெளியே வந்தன. செல்லக்கனி பிழைத்தாள், ஆனால் ஒரு சிறுநீரகம் போய்விட்டது, இன்னொன்று பாதி வேலைதான் செய்தது. தியேட்டர் வாசலில் இருந்த போலீஸ்காரர் பூட்டுகளையும் சாவிகளையும் துணியில் கட்டி அரக்கு வைத்து எடுத்துக்கொண்டு, பிரம்மசக்தியின் மேல் வழிப்பறி வழக்குப் போட்டார்.

வழக்கு ஒரே ஒரு கேள்வியில் நின்றது. இந்தச் சாவிகள் யாருடையவை என்று நீதிபதி கேட்டார். கடையுடையவை என்றால் பூட்டும் கடையுடையது, கடைப் பூட்டு அந்தப் பெண்களுக்குள் எப்படிப் போனது என்று அடுத்த கேள்வி வரும். வக்கீல் வாய்தா வாங்கினார், இன்னொரு வாய்தாவும் வாங்கினார், மூன்றாவது தடவை எழுந்து, அவை கடையின் சாவிகளே அல்ல, புனிதவதி என்ற ஊழியர் தன் இஷ்டத்துக்கு வைத்திருந்தவை, கதவைப் பூட்டியதும் அவர்தான், நிர்வாகத்துக்கு ஒன்றும் தெரியாது என்றார். கழுத்துத் தழும்போடு சாட்சிக் கூண்டில் நின்ற புனிதவதி இதை முதல் தடவையாக அங்கேதான் கேட்டாள். அவள் வக்கீலைப் பார்த்தாள், முதலாளி உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள், ஆமாம் என்றாள். பிரம்மசக்திக்கு அப்போது அவளைப் பார்த்து வந்த வெறுப்பு, கழுத்தை அறுத்த அன்றைக்கு வந்ததைவிட அதிகம்.

வழக்கு தள்ளுபடியானது. தொழிலாளர் துறை விசாரணை முடியாததால் கடையால் யாரையும் வேலையை விட்டு அனுப்ப முடியவில்லை. ஊரில் ஒரு பூட்டுக்கடையும் ரத்தினமாலைக்குப் பூட்டு விற்கச் சம்மதிக்கவில்லை. அதனால் முதலாளி, பூட்டே வேண்டாம், கதவுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுப் புனிதவதியை உட்கார வையுங்கள் என்றார். அவள் உட்கார்ந்தாள். பூட்டைவிட அவள் நன்றாகவே வேலை செய்தாள்.

பிரம்மசக்தி தையல் ஆறி வேலைக்குத் திரும்பிய முதல் நாள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போக வேண்டும் என்று ஹமீதா எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டினாள். புனிதவதி அதை வாங்கிப் படித்தாள், நாலாக மடித்தாள், நாற்காலியில் தனக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். பிரம்மசக்தி திரும்பிப் போய்ச் சேலை விரித்தாள். மறுநாள் காலையில் புனிதவதி இல்லை. நாற்காலியும் இல்லை. வீட்டில் கேட்டார்கள், வரவில்லை என்றார்கள். யாரும் அதிகம் தேடவில்லை. கடையில் இருந்த பெண்கள் எல்லோரும் தங்கள் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

பிரம்மசக்தியின் ஸ்கேன் திரையில் அவள் நன்றாகவே தெரிந்தாள். கட்டைவிரல் உயரம். அதே நாற்காலி, அதே மடித்த கைகள். ஹமீதா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மாலை நாலு மணிக்குத் தியேட்டர், அதுவரை வாயில் தண்ணீர் படக் கூடாது, டிரிப்ஸ் மட்டும் ஏறும் என்றார். பிறகு, அடிக்கடி போய் வந்துவிடு என்றார்.

"அடக்கினா என்ன ஆகும்?"

"நிறையும். அவ மூழ்கிருவா."

அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார். வார்டில் எல்லோரும் கேட்டிருந்தார்கள். மிச்சச் சிறுநீரகத்துக்காக மறுபடி வந்து பக்கத்துக் கட்டிலில் கிடந்த செல்லக்கனி, வீங்கிய கண்களைத் திறந்து பார்த்து, மெதுவாகத்தான் சொன்னாள்.

"அடக்குங்க யக்கா. ஒரே ஒரு தடவ."

பிரம்மசக்தி அடக்கினாள். பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, கால்விரல்களைச் சுருட்டிக்கொண்டு கிடந்தாள். பதினோரு வருஷப் பழக்கம், எந்தச் சொட்டில் எவ்வளவு நிறையும் என்று அவளுக்குத் தெரியும். இப்போது கணுக்கால், இப்போது முழங்கால், இப்போது மடி என்று நினைத்துக்கொண்டாள். ஒரு மணி வாக்கில் உள்ளே தட்டும் சத்தம் கேட்டது. முதலில் மரியாதையாகத் தட்டியது, பிறகு கையால் அறைந்தது, பிறகு நகத்தால் பிறாண்டியது. அந்த வலி அவளுக்குச் சுகமாக இருந்தது. செல்லக்கனி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறாண்டல் பையின் உச்சிக்கு ஏறி, அங்கே மெதுவாகக் குறைந்துகொண்டே வந்தது.

பிரம்மசக்தி எழுந்து டிரிப்ஸ் கம்பியைத் தள்ளிக்கொண்டு கழிப்பறைக்குப் போனாள். இரக்கம் வந்தது என்று சொன்னால் பொய். தன் உடம்பை இன்னொருத்திக்குப் பூட்டாக ஆக்க அவளுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். உட்கார்ந்து, வார்டு முழுக்கக் கேட்கும்படி புனிதவதியைக் கெட்ட வார்த்தையில் வைதாள், வைதுகொண்டே போனாள். அரை மணி கழித்து மறுபடி போனாள், மறுபடி வைதாள். நாலு மணிக்குள் ஏழு தடவை. ஒவ்வொரு தடவை அவள் திரும்பி வரும்போதும் செல்லக்கனி சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பழைய தழும்பிலேயே கீறி, முதலில் நாற்காலியையும் பிறகு புனிதவதியையும் எடுத்து, வெந்நீரில் அலசி, பஞ்சில் சுற்றித் தட்டில் வைத்தார்கள். ஈரத்துணியில் கட்டிய பயறு போல அவள் பஞ்சுக்குள் ஊறி வளர்ந்தாள். இரண்டாம் நாள் கைக்குழந்தை அளவு இருந்தாள், மூன்றாம் நாள் காலையில் முழு ஆளாகி, ஆஸ்பத்திரிப் பாவாடை கட்டி, எதிர்க் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கடையிலிருந்து அவளைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. வார்டில் ஒருவரும் அவளிடம் பேசவில்லை. அவளும் பிரம்மசக்தியைப் பார்க்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து மணி இருக்கும், அவள் எழுந்து நின்றாள். வார்டின் நடுவே வந்து, இரண்டு பக்கமும் பார்த்து, பொதுவாக எல்லோரையும் கேட்டாள்.

"பாத்ரூம் எங்க இருக்கு?"

நர்ஸ் மருந்துச் சீட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பிரம்மசக்தியைப் பார்த்தாள். பன்னிரண்டு கட்டில்களிலும் இருந்தவர்கள் பிரம்மசக்தியைப் பார்த்தார்கள். செல்லக்கனி சுவரிலிருந்து திரும்பினாள். புனிதவதி முழங்கால்களை ஒட்டவைத்துக்கொண்டு நின்றாள், வெற்றுக் கால்விரல்கள் தரையில் சுருண்டன, உதட்டுக்கு மேல் வியர்த்தது, மறுபடி கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். பிரம்மசக்தி அந்தக் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் பார்த்தாள், அதற்கு மேல் ஒரு மனுஷியால் தாங்க முடியாது என்று அவளுக்கு மட்டும் தெரிந்த அந்த அளவு வரைக்கும் பார்த்தாள். பிறகு கையைத் தூக்கி, இடது பக்கம் காட்டினாள்.